தவறு செய்தவர் கேக் கொண்டுவரவும்

உலகத்தில் தவறே செய்யாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் பால்டிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் பிளாஸ்மா ஆய்வுக் கழகத்தின் தலைவர், பேராசிரியர் எக்கெஹார்ட் வுல்ஃபிங் அவர்கள்தான் என்பதை மனிதகுலத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இது முகஸ்துதி அல்ல. அளந்து பார்த்த உண்மை.

அளவுகோல் என்ன என்கிறீர்களா? கேக். எங்கள் கழகத்தில் வேலையில் தவறு செய்தவர் வெள்ளிக்கிழமை காபி நேரத்துக்குத் தம் கையால் சுட்ட கேக் கொண்டுவர வேண்டும். வால்வை மூட மறந்தால் கேக். லென்ஸைக் கீழே போட்டால் கேக். நானே பலமுறை கொண்டுவந்திருக்கிறேன். ஒருமுறை கேக் கருகிவிட்டதால் அந்தத் தவறுக்கு இன்னொரு கேக். வுல்ஃபிங் அவர்களோ தலைவரான நாள்முதல் ஒரு கேக்கும் கொண்டுவந்ததில்லை. ஆகவே அவர் தவறு செய்ததில்லை. இதைவிடச் சுத்தமான நிரூபணம் கணிதத்திலும் கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் சென்ற கோடையில் பிளாஸ்மாவுக்குள், அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவுக்குள், ஒரு புதிய அலையைக் கண்டுபிடித்தார். நொடிக்குப் பல லட்சம் முறை துடிக்கும் அலை. அதற்கு 'வுல்ஃபிங் அலை' என்று பெயரும் சூட்டினார். அடக்கம் காரணமாக முழுப்பெயரை வைக்கவில்லை. அலையைப் பிடித்துத் தந்தது ஓர் உணர்முனை. விரல் நீளப் பீங்கான் குழாய், உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், பின்னால் ஒரு கேபிள். வடிவமைத்தவரும் அவரே. அது சரியாக அளக்கிறதா என்று சோதிக்கத்தான் விடவில்லை.

"முதல்லயே சோதிச்சா கருவிக்கு ஒரு முன்முடிவு வந்துடும்" என்றார். நாங்கள் பயபக்தியோடு குறித்துக்கொண்டோம்.

அலையைப் பற்றி அவர் பேசவிருந்த மாநாட்டுக்காரர்கள், கருவி சரியாக அளக்கிறது என்பதற்கு அளவுதிருத்தச் சான்று கேட்டார்கள். அந்த வேலை என் எதிர் மேசைக்காரி, முனைவர் ஸ்வென்யா ஹார்கோர்ட்டிடம் வந்தது. அவளுடைய ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. அதை நீட்டிக்க வுல்ஃபிங் அவர்களின் கையெழுத்து வேண்டும். மகளை இப்போதுதான் இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்திருந்தாள். கொஞ்சம் விவேகம் உள்ளவர் யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழாமலே சான்று எழுதியிருப்பார். இவள் உணர்முனையைச் சோதனை மேசைக்கு எடுத்துப் போய் உண்மையாகவே அளந்துவிட்டாள்.

உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஹென்னிங், அந்த அலை பிளாஸ்மாவுல இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"உணர்முனையிலதான். சுருளும் கேபிளும் சேர்ந்து அதே அதிர்வெண்ல தானாப் பாடுது. மேசையில பிளாஸ்மாவே கிடையாது, அங்கயும் பாடுது."

"மெதுவாப் பேசு. மீன் ஆறிடும், சாப்பிடு."

"கேபிளைப் பாதியா வெட்டினேன். அலை வேற அதிர்வெண்ணுக்கு இடம் மாறிடுச்சு. என் கேபிள் என்ன நீளம்னு பிளாஸ்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"பேராசிரியர் கண்டுபிடிச்ச அலையாச்சே. தெரிஞ்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கழகக் கூட்டம் கூடியது. ஸ்வென்யா எல்லாவற்றையும் வரைபடத்தோடு சொன்னாள். வுல்ஃபிங் அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிளாஸ்மா இல்லாமலே அலை தெரியுதா?"

"தெரியுது, பேராசிரியர்."

கடைசியில் தலைவரின் கேக்கும் வரப்போகிறது என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். துணைத்தலைவர் இங்கோ என் காதில், "ஆப்பிள் கேக்கா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"அப்படின்னா நாம நினைச்சதைவிட இது பெரிய கண்டுபிடிப்பு!" என்றார் தலைவர். "எங்கும் நிறைஞ்ச அலை!"

கைதட்டல் எழுந்தது. இங்கோவின் கைதான் முதலில் தட்டியது.

"கேபிளை வெட்டினா இடம் மாறுது" என்றாள் ஸ்வென்யா.

"பாத்தீங்களா! அலையை அடக்கவும் நமக்கு வழி தெரிஞ்சிடுச்சு. இங்கோ, ரெண்டாவது கட்டுரை. கத்தரிக்கோலையும் சேர்த்துக்குங்க."

"அது அலையே இல்ல. காலிப் பானையைத் தட்டிட்டு, உள்ள யாரோ பதில் சொல்றாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். "உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது, டாக்டர் ஹார்கோர்ட்?"

"இந்த மாசக் கடைசியில."

"சான்றுல என்ன எழுதப் போறீங்க?"

"இருக்கறதைத்தான்."

"தாராளமா எழுதுங்க. அறிவியலுக்குச் சுதந்திரம் முக்கியம். அக்டோபர்லேர்ந்து உங்களுக்கும் அது கிடைக்கும்."

ஸ்வென்யாவின் சான்று மரியாதையோடு அலமாரிக்குள் வைக்கப்பட்டது. இங்கோ புதிய சான்று எழுதினார். அலையைக் காட்டுவதால் உணர்முனை சரியானது. உணர்முனை சரியாக இருப்பதால் அலை உண்மையானது. இவ்வளவு சிக்கனமான அளவுதிருத்தத்தை ஐரோப்பா கண்டதில்லை.

விடைபெற்றுப் போகிறவரும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மாதக் கடைசி வெள்ளியன்று ஸ்வென்யா பிளம் பழக் கேக் கொண்டுவந்தாள். ஸ்கேல் வைத்து எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தாள். தலைவர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ சிக்கியது. பழத்தின் கொட்டையாக இருக்க வேண்டும். கொட்டையை எடுத்துவிட்டுத்தான் சுட்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

வசந்த காலத்தில் வேறு நாட்டு ஆய்வகங்கள் வுல்ஃபிங் அலையைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அறிவித்தன. தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வந்து இறங்கியது. குழுத் தலைவி கண்டிப்பானவர்.

"தப்பு யாரோடது?"

"எங்க கழகத்துல அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார் வுல்ஃபிங் அவர்கள். "தப்பு செஞ்சவங்க கேக் கொண்டுவருவாங்க."

"சரி, கடைசியா கேக் கொண்டுவந்தது யாரு?"

நாங்கள் அனைவரும் ஒரே குரலில் உண்மையைச் சொன்னோம். "டாக்டர் ஹார்கோர்ட்."

குழுத் தலைவி எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்படி என்ன தப்பு செஞ்சாங்க?"

தலைவர் இங்கோவைப் பார்த்தார். இங்கோ என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அளந்து பார்த்துட்டாங்க" என்றேன்.