பவுடரும் பினாங்குப் பார்ட்னரும்

உலகத்தில் எல்லாரும் கேரம் ஆடுவது ஜெயிப்பதற்காக. சிவப்புக் காயான ரெட்டைப் போடுவதற்காக மட்டுமே ஆடியவன் ஒருவன்தான். அவன் பெயர் பவுடர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. போர்டில் கொட்டும் பவுடரில் பாதி அவன் மீசையில்தான் இருக்கும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் எங்கள் போர்டு. ஞாயிறு காலை ஆட்டம். பவுடரும் நானும் ஜோடி. எங்கள் காய் ஒன்பதில் எட்டு அப்படியே கிடக்கும். அவன் கண் சிவப்புக் காய் மீதே இருக்கும். ரெட்டைப் போட்டால் அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றை ஃபாலோவாகப் போட வேண்டும், இல்லையென்றால் ரெட் போர்டுக்கே திரும்பிவிடும். அவன் போட்ட ரெட் எப்போதும் திரும்பிவிடும்.

"கண்ணு தெர்தா இல்லியாடா?" என்று கத்துவேன்.

"அடுத்த தபா பாரு மச்சான்."

கத்துவேனே தவிர, ரெட் பாக்கெட் வாயில் வந்து நின்றாலும் நான் தொட மாட்டேன். தொட்டால் அவன் முகத்தை யார் பார்ப்பது?

அவன் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது மாப்பிள்ளையைக் காணோம். மாலையும் கழுத்துமாகப் பஞ்சர் கடையில் இருந்தான். "ஒரே ஒரு ரெட்டு மச்சான், கை துறுதுறுன்னு கீது" என்றான்.

அப்பேர்ப்பட்டவன், இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிறு ஆட்டத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. விசாரித்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, கீபோர்டில் இல்லாத பவுடரை ஊதிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது?"

"கேரம் மச்சான்."

"காய் எங்க?"

"உள்ள கீது."

"எதிர்ல ஆடிகினு கீறது யாரு?"

"யாருக்குத் தெரியும்? அதான் சொகமே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் இல்லை, காய் இல்லை, அப்புறம் என்ன கேரம்? திரும்பி வந்தால், பஞ்சர் கடைக்காரர் டியூப் முக்கும் தொட்டியை எங்கள் போர்டால் மூடி வைத்திருந்தார். "மூணு வாரம் பாப்பேன். ஆள் வரலன்னா இது மூடிதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு, அவன் உள்ளே போன பிறகு நானும் நுழைந்து, இரண்டு தடுப்பு தள்ளி உட்கார்ந்து, 'பினாங்கு பிரபு' என்று கணக்குத் தொடங்கினேன். ஆட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்து, யாரோ மலேசியாக்காரன் போல அவனுக்கே பார்ட்னர் ஆனேன். அவன் தப்பாக அடித்தபோதெல்லாம், பினாங்கிலிருந்து கத்த முடியாது என்பதால், 'நல்ல முயற்சி சார்' என்று டைப் செய்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "பினாங்குகாரர் தங்கமான மனுசன்" என்று டீக்கடையில் வேறு புகழ்ந்திருக்கிறான். என் மேல் எனக்கே பொறாமை வந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு பொறுக்க முடியாமல், 'உங்க ஊர்ல பார்ட்னர் இல்லையா சார்?' என்று கேட்டேன்.

'இருக்கான். நல்லா ஆடுவான். கத்துவான்' என்று பதில் வந்தது.

எழுந்து போய் அவன் பின்னால் நின்றேன். அவன் திரும்பாமலே கேட்டான்: "இன்னா பிரபு சார், பினாங்குல வெயில் எப்டி கீது?"

"எப்படா கண்டுபுடிச்ச?"

"மொத ஆட்டத்துலயே. ரெட்டு பாக்கெட் வாயில நிக்குது, அத வுட்டுட்டு வேற காய அடிக்கிற. ஒலகத்துல வேற எவன்டா அப்டி ஆடுவான்?"

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"நல்ல முயற்சின்னு நீ எப்பனா சொல்லிக்கிறியா? கேட்டுக்கினு இருந்தேன்."

யார் யாரை ஏமாற்றினோம் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். மறு ஞாயிறு தொட்டியைத் திறந்து, போர்டைத் துடைத்து உட்கார்ந்தோம். பவுடர் ரெட்டைப் போட்டான், ஃபாலோ விழவில்லை. தொண்டை வரை வந்த கத்தலை விழுங்கிவிட்டு, "நல்ல முயற்சி சார்" என்றேன். அவன் மீசைப் பவுடர் உதிரச் சிரித்தான்.

அடுத்த அடியில் ரெட் என் பாக்கெட் வாயில் வந்து நின்றது. நான் வேறு காயை அடித்தேன்.