ரொம்ப ஈஸி, மாமா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர் நீங்கள், அதோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. வந்ததும் போட்டுப் பார்த்தால், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி. யாரை யார் காப்பாற்றுவது? அதற்குள்தான் உங்கள் மாமியாரின் புத்தகம் இருக்கிறது. முப்பத்துநான்கு வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர், புதிதாக வரும் நர்ஸுகளுக்காக எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட ஒருவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "டிஸ்க் அடி வாங்கியிருக்கு சார். ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்.

"உள்ள இருக்கறது?"

"அது போயிடும்."

தலைவலிக்குத் தலையையே எடுக்கிற வைத்தியம். வந்த வழியே தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

உங்களைக் கூப்பிட்டால், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, போனில் பதினோரு வரிக் கட்டளைகளை அனுப்பி, கீழே "ரொம்ப ஈஸி, மாமா" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பன்னிரண்டாவது வரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் விட்டுப்போன பென்டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸை எழுப்பி, அதைக்கொண்டு டிஸ்கைச் சோதித்தால், சரி செய்யட்டுமா என்று அது கேட்க, நான் ஆமாம் என்று 'ஒய்' தட்ட, மறுபடி அது கேட்க, தொண்ணூறுக்கு மேல் நான் எண்ணவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னிடம் இத்தனை தடவை சம்மதம் கேட்கவில்லை. பிறகு பழைய லினக்ஸுக்குள் குடிபுகுந்து கணினியை எழுப்பிவிடும் அந்தக் கிரப்பைத் திரும்ப நிறுவ வேண்டுமாம். மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் பிழை. நாற்பது வருஷம் பத்திரிகையில் பிழை திருத்தியவனின் பிழையை, பின்னால் நின்ற உங்கள் மாமியார் கண்டுபிடித்தார்.

"நடுவுல ஒரு இடம் விடணும், விட மறந்துட்டீங்க. பதறாதீங்க. நல்லா மூச்சு விட்டுட்டு அடிங்க."

பிரசவ வார்டுக் குரல். அடித்தேன். எழுந்தது. புத்தகம் முழுசாக இருந்தது. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆகவே அடுத்த விடுமுறையில் வந்து, இந்த லினக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மகளுக்கு எங்கள் ஆசி. உங்களுக்கும் உண்டு, சற்றுக் குறைவாக.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: எதிர்வீட்டு வக்கீலின் கணினியும் இன்று காலை கறுப்பாகிவிட்டது. ஃபார்மேட் செய்ய விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்; மத்தியானம் பென்டிரைவோடு போகிறேன். போன மாதம் அவருக்கும் பல் டாக்டருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.