டோஸ்டருக்குக் காவல் நின்ற மெயின் அக்கா

திண்டிவனத்தில் மழை, காற்று, மரக்கிளை, அணில் எல்லாம் சேர்ந்து நிறுத்திய மின்சாரத்தைவிட, மெயின் அக்கா தனியாக நின்று நிறுத்திய மின்சாரம் அதிகம். நான் எலக்ட்ரிக்கல் படித்தவள். எதையும் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில் நான் தங்கியிருந்த காலத்தில் அவரும் அங்கே இருந்தார். விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. தினமும் ரயிலில் போய் வருவார். நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, குளியலறைக்குப் போனாலும் கழற்றாத ரப்பர் செருப்பு. உண்மையான பெயர் வார்டனுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு மெயின் அக்காதான்.

விடுதியில் எது நடந்தாலும் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பல்பு மாற்ற வேண்டுமா, மெயின். மிக்ஸியைத் துடைக்க வேண்டுமா, மெயின். ட்யூப்லைட் ஓரமாகப் பல்லி நின்றால் அந்தப் பல்லியின் நலனுக்காகவும் மெயின். மெயின் போர்டுக்குப் பக்கத்து அறையை அவராகவே கேட்டு வாங்கியிருந்தார். அங்கே கொசு அதிகம், காற்று கிடையாது. போட்டிக்கு யாரும் வரவில்லை.

"சுவிட்ச ஆஃப் பண்ணா போதாதாக்கா?" என்று கேட்டேன்.

"அது ஆஃப் ஆயிடுச்சின்னு உனக்கு யாரு சொன்னது? சுவிட்சு சொல்லிச்சா?"

பழைய கட்டடங்களில் சில நேரம் ஒயரை மாற்றிப் போட்டிருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். அதனால் அவர் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. அதை அவரிடம் சொன்னால் விடுதியே நிரந்தரமாக இருட்டாகிவிடும் என்பதால் சொல்லவில்லை.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குத் தீராத ஆர்வம். கேட்கும்போதெல்லாம் புதுக் காரணம் சொல்வார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் சீரியல் விளக்கு ஒயரை மிதித்துவிட்டாராம். விக்கிரவாண்டி அத்தை வீட்டு கிரைண்டர் அவரைத் தூக்கி வாசலில் போட்டதாம். "பொறந்ததுல இருந்தே இப்படித்தான். நான் பொறந்த அன்னிக்கி ஆஸ்பத்திரில கரண்ட் இல்ல" என்றும் ஒருநாள் சொன்னார்.

இப்படிப்பட்டவர் இருந்த விடுதிக்குத்தான் டோஸ்டர் வந்தது.

கொண்டுவந்தது என் அறைத்தோழி நஸ்ரின். கோட்டக்குப்பத்துக்காரி. அவளுடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து வாங்கி வந்தது. நானும் அவளும் ஒரே தொழிற்சாலையில் வேலை. எங்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் வரும் நேரத்தில் விடுதிச் சமையலறையில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். வெறும் வயிற்றோடு போன நஸ்ரின் ஒருநாள் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டி சுட்டுத் தரும் பிரெட்தான் அவள் வேலையைத் தாங்கிப் பிடித்திருந்தது.

மெயின் அக்கா டோஸ்டரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"நீ கரண்டு படிச்சவதான? இதுக்குள்ள இன்னா எரியுது, சொல்லு."

"கம்பிக்கா. கரண்ட் போனா செவசெவன்னு ஆவும்."

"மூடி இல்லாம?"

"மூடி இல்லாமதான்."

"இந்த ஒண்ணு, ரெண்டு, மூணுல்லாம் இன்னா?"

"எவ்ளோ நேரம் சுடணும்னு வைக்கிறது. மொதல்ல ரெண்டுல வச்சிப் பாக்கணும். காஞ்ச பிரெட்டுன்னா அதவிடக் கம்மி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், டோஸ்டரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்ற குற்றச்சாட்டு இருந்தது.

முதல் வாரத்தில் யாரோ, தோசைக்கல்லில் செய்கிற ஞாபகத்தில், பிரெட்டின் இரண்டு பக்கமும் நெய் தடவி உள்ளே இறக்கினார்கள். நெய் உருகிக் கம்பியில் சொட்டிப் புகை கிளம்பியது. மெயின் போனது. அடுத்தது பேக்கரி ரொட்டி. எதிர் பேக்கரியில் கத்தியால் அறுத்துத் தருவார்கள். ஒவ்வொரு துண்டும் செங்கல் கனம். உள்ளே போனது மேலே வரவில்லை. மெயின் போனது. பிறகு மாடியறைப் பெண் ஒருத்தி சூடு வீணாகிறதே என்று, சுட்டுக்கொண்டிருந்த டோஸ்டர் மேல் ஈரக் கைக்குட்டையை விரித்தாள். அன்று மெயின் போனதோடு அந்தப் பெண்ணும் ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். மெயின் அக்கா அப்படித் திட்டினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. காலை நேரத்தில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும். மெயினை அணைத்தால் மோட்டார் நின்றுவிடும். அது பழைய மோட்டார். திரும்ப ஓடவைக்க அதன் வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவர் வார்டன்.

வார்டன் இறங்கி வந்தார். "மெயின யாரு அணைச்சாங்கன்னு கேக்க மாட்டேன். எதுக்கு அணைச்சாங்கன்னும் கேக்க மாட்டேன். இனிமே காலைல ஒரு தடவ மெயின் போச்சின்னா, இந்தப் பொட்டி பீரோவுக்குள்ள போயிடும்."

நஸ்ரின் டோஸ்டரைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் மெயின் அக்காவைப் பார்த்தோம்.

விடுதியிலேயே மின்சாரத்துக்கு அதிகம் பயந்தவர் அவர். டோஸ்டர் பறிபோவதற்கு இருந்த ஒரே ஆபத்தும் அவர்தான். அது அவருக்கே புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து விடியும் முன்பே எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டோஸ்டர் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். பிரெட்டோடு வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

"ஈரம். தொடச்சிக்கினு வா. ஏ, ஜன்னல் ஸ்கிரீன் கிட்ட வைக்காத, தள்ளி வை. பிரெட்டு தானா வராதா? ஆஃப் பண்ணி, பிளக்கப் புடுங்கு. ஆறட்டும். அப்புறம் எடு. இன்னா ஜல்தி உனக்கு, கல்யாணமா?"

துணிக்கடைக்கு அவர் போக வேண்டிய ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கும். அவர் பிரெட் சாப்பிட்டும் நான் பார்த்ததில்லை. ஆனால் வாய்தான் பேசும். டோஸ்டரை ஒரு விரலாலும் தொட மாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. நானும் நஸ்ரினும் ஊருக்குப் போய்விட்டோம். துணிக்கடைக்கு அதுதான் வியாபார நேரம் என்பதால் மெயின் அக்காவும் பகலெல்லாம் விடுதியில் இல்லை. வார்டன் தனியாகவே பூஜையை முடித்திருக்கிறார். மோட்டார், கிரைண்டர், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கை பொரி வைப்பது அவர் வழக்கம். டோஸ்டரையும் பாகுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் மூடிய தலை. டோஸ்டருக்குத் தலையில் இரண்டு ஓட்டை.

விடுமுறை முடிந்து வந்த காலையில் நஸ்ரின் பிரெட்டைப் போட்டு அமுக்கினாள். நான் மாடிப்படியில் தலை பின்னிக்கொண்டே இறங்கி வந்தேன். முதலில் கோயில் வாசனை வந்தது. அப்புறம் தீய்ந்த வாசனை. அப்புறம் ஓட்டையிலிருந்து ஒரு சின்ன நாக்கு எட்டிப் பார்த்தது. நெருப்பு.

நஸ்ரின் பயத்தில் ஸ்டீல் கரண்டியால் பிரெட்டைக் கிளறப் போனாள். இன்னொருத்தி மக்கில் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"கரண்டியக் கீழ போடுடி. ஏ, நீ தண்ணிய ஊத்து, நாளைக்கு உனக்குப் பால ஊத்துவாங்க."

மெயின் அக்காவின் குரல். இரண்டு பேரும் சிலையானார்கள். மெயின் போர்டு அவருக்கு இடதுபக்கம், எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் இடது கை பின்னாலிருந்து விடுபட்டு மேலே போனதை நான் பார்த்தேன். பின்கட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நஸ்ரினைப் பார்த்தார்.

கை கீழே இறங்கியது. டோஸ்டர் பக்கம் திரும்பி அதன் சுவிட்சை அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிளக்கைப் பிடித்தார். பிடுங்கினார்.

ஓட்டையில் இருந்த நெருப்பு இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தானாக அடங்கியது. அவர் பிளக்கை, பிடித்த மீனைப் போலக் கையிலேயே வைத்திருந்தார்.

"புடுங்கியாச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஆச்சிக்கா."

"அப்ப இத யாராச்சும் வாங்கிக்கோங்க. கை வர மாட்டேங்குது."

நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

நன்றாக ஆறிய பிறகு அடித்தட்டை உருவினேன். கரியாகிப்போன பொரி, பொட்டுக்கடலை, கருகிய சாமந்தி இதழ். தீய்ந்த வாசனையை மோப்பம் பிடித்து வார்டன் வந்தார்.

"மெயின் போலியே. அப்புறம் இன்னா பொகை?"

மெயின் அக்கா தட்டை அவர் முன்னால் நீட்டினார். "நீங்க வச்ச பிரசாதம் மேடம். கொஞ்சம் முறுகிடுச்சி."

வார்டன் தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "மெயின் போலல்ல. அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மோட்டாரை அணைக்கப் போனார். பீரோ என்ற பேச்சு அதன் பிறகு வரவே இல்லை. நஸ்ரின் அன்று சுடாத பிரெட்டையும் மெயின் அக்கா திணித்த வாழைப்பழத்தையும் வேனில் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு வந்தாள். மயங்கவில்லை.

அந்தப் பயத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று அதற்குப் பிறகு நான் அவரிடம் கேட்கவில்லை. அந்த விரல்களைப் பிரித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று விடுதி முழுக்க இருட்டானது. நடையிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பல்லி."

வழக்கமாக மாடியிலிருந்து வசவு விழும். அன்று விழவில்லை. நஸ்ரின் மட்டும் இருட்டில் மெதுவாகச் சொன்னாள்: "பல்லியப் பொறுமையா பாத்து ஓட்டுங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."