அணு எழுப்பும் ஐயா

பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்க இடமில்லை. அணு ஐயா வந்திருக்கிறார் அல்லவா! பிள்ளைகளின் மூளையில் தூங்கும் அணுக்களைத் தட்டி எழுப்புகிறவர். எழுந்த அணுக்கள் நேரே முதல் மதிப்பெண்ணில்தான் போய் உட்காருமாம்.

அவர் கையில் ஒரு நூல், நுனியில் செம்புக் குண்டு. பிள்ளையின் தலைக்கு மேல் பிடிப்பார். குண்டு சுற்றினால் அணு விழித்திருக்கிறது. சும்மா நின்றால் தூக்கம். தூக்கத்துக்கு மருந்து, இருக்கவே இருக்கிறது அவருடைய பாட்டில் தண்ணீர்.

தையல்காரி ஒருத்தி தன் மகளோடு முன்வரிசையில் இருந்தாள். போன வாரம் மகளின் தலைக்கு மேல் குண்டு அசையவில்லை. “சுத்த ஜடம்” என்றுவிட்டார் ஐயா. அன்றிலிருந்து பிள்ளை புத்தகத்தைத் தொடவில்லை. “என் அணுதான் தூங்குதேம்மா, படிச்சு என்ன பண்றது?” தாயும் வேளை தவறாமல் பாட்டிலை நீட்டினாள்.

அறிவியல் டீச்சர் எழுந்தார். “ஐயா, குண்டைச் சுத்த வைக்கிறது அணுவா, உங்க கையா?”

“அணுதாம்மா! நான் வெறும் கருவி.”

“அப்போ கண்ணைக் கட்டினாலும் சுத்துமில்ல?”

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தையல்காரி தன் பையிலிருந்த கறுப்புத் துணியால் கட்டினாள். ஊசிக் காதில் நூல் கோக்கிறவளுக்கு எந்த இடுக்கில் வெளிச்சம் நுழையும் என்று தெரியும். நன்றாக இறுக்கினாள்.

டீச்சர் சத்தமில்லாமல் மூன்று நாற்காலிகளை நிரப்பினார். முதலாவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண். குண்டு நின்றது. “பாவம், ஆழ்ந்த தூக்கம்.” இரண்டாவதில் ஐயாவை அழைத்துவந்த தலைமையாசிரியர். “இது தேறாது!” மூன்றாவதில் குண்டு கிறுகிறுவென்று சுற்றியது. “அடடா, மேதை! பெத்தவங்க கொடுத்து வச்சவங்க!”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஐயா துணியை விலக்கிப் பார்த்தார். நாற்காலியில் தரை துடைக்கும் வாளி.

“வாளியை மேதைன்னு சொன்னதுதான் தப்பு. அதோட அணு விழிச்சிருக்குன்னது சரிதான்” என்றார் டீச்சர். “சுவர், தண்ணி, உங்க பிள்ளை, எல்லாமே அணுதான். அசைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அணு தூங்கவே தூங்காது.”

தையல்காரியின் மகள் மெல்ல எழுந்தாள். “அப்போ நான் ஜடம் இல்லையா டீச்சர்?”

“உனக்கு எடை இருக்கா? இடத்தை அடைக்கிறியா?”

“ஆமா.”

“அப்போ அறிவியல் கணக்குல நீயும் ஜடப்பொருள்தான். நானும்தான். ஐயாவும்தான்!”

ஒரு வாரமாக வாடிக் கிடந்த பிள்ளை அப்போதுதான் சிரித்தது. தையல்காரிக்குக் கண் கலங்கியது. “உன்னை நம்பாம ஒரு நூலை நம்பிட்டேனேடி” என்று அவள் தலையைத் தடவினாள். அதற்குள் ஐயா பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

வாசலில் ஒரு தகப்பன் டீச்சரை மறித்துக் கவலையோடு கேட்டார்: “அதெல்லாம் சரி, அந்த வாளிக்கு எந்தத் தண்ணியக் குடுத்தீங்க?”

அணுவுக்கு ஒரு நொடிகூட ஓய்வில்லையாம். அதைச் சுமந்து திரியும் மண்டைக்கு மட்டும் எதற்கய்யா ஆயுள் முழுக்க விடுமுறை?