தகுதி கெடாத தொழிலதிபர்

இன்று உங்கள் முன் நான் நிறுத்தப்போகும் ஜீவன் ஒரு தொழிலதிபர். என்ன தொழில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மனசு புண்படும். அவர் இன்னும் தொடங்கவில்லை. தொடங்காமல் இருப்பதுதான் அவருடைய மூலதனம்.

புரியவில்லையா? உள்ளூரில் தொழில் வளரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று மாநில அரசு நல்ல மனசோடு திட்டம் போடுகிறது. அவற்றில் பாதி, ‘புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு’ என்று ஆரம்பிக்கும். நம்மவர் அந்த வரியைப் படித்த அன்றே ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்: ஒரு தடவை தொடங்கிவிட்டால் ஜென்மத்துக்கும் மறுபடி புதியவர் ஆக முடியாது. அன்றிலிருந்து தன் புதுமையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறார். தலை நரைத்துவிட்டது. தொழில் துறையைப் பொறுத்தவரை இன்னும் பச்சைக் குழந்தை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அரசின் மாவட்டத் தொழில் மையத்தில் விழிப்புணர்வு முகாம் என்று பேனர் கட்டினால், கட்டுகிறவருக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்பவர் இவராகத்தான் இருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து, மருமகள் சமையலை ருசி பார்க்கும் மாமியார் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அதிகாரியின் விளக்கத்தைக் கேட்டு, பாதியில் எழுந்து, ‘போன கொள்கையில் இதற்குத் தனிச் சலுகை இருந்ததே, அதை ஏன் எடுத்துவிட்டீர்கள்?’ என்று ஒரு கேள்வி போட்டு, அதிகாரி திருதிருவென்று விழிக்க, பின்வரிசைக்காரர்கள் இவரைத்தான் மேலதிகாரி என்று நினைத்து இடைவேளையில் மொய்த்துக்கொள்ள, டீயும் பிஸ்கட்டும் முடித்து, முகாமில் கொடுத்த துணிப்பையோடு வீடு திரும்புவார். அந்த வீட்டில் பை வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

அவர் கனவுகள் அரசாணையைப் பார்த்து நிறம் மாறும். காளான் வளர்ப்புக்குச் சலுகை என்றால் தூக்கத்திலும் காளான்தான். அடுத்த மாதம் அட்டைப்பெட்டிக்குச் சலுகை வந்ததும், “காளானா? அது ஈரம் பிடிச்ச வேலைங்க” என்று முகம் சுளிப்பார்.

எந்தத் திட்டமும் இல்லாமல் தொழில் தொடங்கிவிட்ட அப்பாவிகளைக் கண்டால் அவருக்கு நெஞ்சு தாங்காது. தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் போய், யாரோ செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில், “அவசரப்பட்டுக் கடையைத் திறந்துட்டீங்களேண்ணே” என்பார்.

“பின்னே? பஞ்சராகி வர்றவன்கிட்ட, திட்டம் வர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்கன்னு சொல்லவா தம்பி?”

இந்த மாதிரி ஆட்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நம்மவர் பெருமூச்சோடு நகர்ந்துவிடுவார்.

சரி, வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது? அவருடைய மனைவி எரிக்கிறார். அந்த அம்மாள் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தமாக வைக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். லாட்ஜின் படுக்கை விரிப்புகள் எல்லாம் சலவைக்கு அடுத்த ஊர் போய், போன நிறம் ஒன்று, வந்த நிறம் ஒன்று என்று, அதுவும் நாள் தவறி வந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே யாராவது லாண்டரி வைத்தால் எல்லா விரிப்பையும் அங்கேயே போடுகிறேன் என்று மேனேஜர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அந்த அம்மாள் அதை அலுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. லாட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வசதியோடு ஒரு ஷெட் காலியாகக் கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஷெட்டின் சொந்தக்காரரோ, ‘டயர் வியாபாரி ஒருவரும் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அவருக்குத்தான்’ என்று சொல்லிவிட்டார். ஊரில் அந்த அளவுக்குத் தண்ணீர் உள்ள இடம் வேறு கிடையாது. ஷெட் போனால் லாண்டரியும் போச்சு.

வேறொரு வீடாக இருந்தால் கணவர் சந்தோஷப்பட்டிருப்பார். நம்மவர் பதறிப்போனார்.

“இப்பவா? இப்ப போய் யாராவது தொடங்குவாங்களா? வர்ற பட்ஜெட்ல பெண்களுக்குன்னே புதுக் கொள்கை வருதாம். வெயில்ல தண்ணி காய்ச்சினா அதுக்குத் தனிச் சலுகை. இப்ப இருக்கிற திட்டத்துல போய் விழுந்தேன்னா நீ பழைய யூனிட் ஆயிடுவே.”

“ஏங்க, வெள்ளிக்கிழமை போனா ஷெட் போயிடும்.”

“ஷெட் போனா இன்னொண்ணு வரும். தகுதி போனா வருமா?”

அந்த அம்மாள் வியாழக்கிழமை லாட்ஜுக்கு லீவு போட்டார். அன்று தொழில் மையத்தில் கீழ்த்தள அரங்கில் ஒரு முகாம். நம்மவர் முன்வரிசையில் எழுந்து நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், மாடியில் ஒரு பெண் அதிகாரியின் மேசைக்கு எதிரே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்விகள். எங்கே வைக்கப் போகிறீர்கள், துணி யார் தருவார்கள், மெஷின் ஓட்ட ஆள் உண்டா. அந்த அம்மாள் பதில் சொல்லச் சொல்ல, எத்தனையோ பேருக்கு விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப்போன அந்த அதிகாரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாடகை ஒப்பந்தம் இருந்தால்தான் கடன் நகரும், ஆகவே முதலில் போய் ஷெட்டைப் பேசி முடியுங்கள் என்றார். அப்புறம் ஆற்றாமையோடு கேட்டார்:

“இவ்வளவு தெளிவா இருக்கீங்க. இத்தனை நாள் ஏம்மா வரலை?”

“இதைவிட நல்ல திட்டம் வரும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார் மேடம்.”

“கீழே முன்வரிசையில...?”

“அவரேதான்.”

அதிகாரி எழுந்து வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி.

இடைவேளையில் டீ கிளாசோடு நின்ற நம்மவர், மாடிப்படியில் இறங்கி வரும் மனைவியைப் பார்த்தார். கோபப்பட்டாரா? இல்லவே இல்லை. எந்தத் திட்டம் என்று மட்டும் விசாரித்தார். சொன்னதும் சுவரில் சாய்ந்துவிட்டார். அது போன பட்ஜெட் திட்டம்!

ஷெட் கிடைத்தது. கொஞ்ச நாளில் கடனும் வந்தது, மெஷின் ஓடியது, விரிப்புகள் போன நிறத்திலேயே திரும்பின. நம்மவருக்கு விரிப்பு மடிக்கும் வேலை தரப்பட்டது. குறை சொல்லக்கூடாது, நாலு முனையும் ஒட்டி வைத்ததுபோல மடித்தார். மடிக்கும்போது விசில்கூட அடித்ததாகச் சொல்கிறார்கள்.

பிறகு ஒருநாள் அதே அதிகாரி ஆய்வுக்கு வந்தார். உள்ளூர்க்காரர் மூன்று பேருக்கு வேலை கொடுத்திருந்தால் வட்டியில் சலுகை உண்டு. முதல் வருஷத்தைத் தள்ளுவதற்கு அந்த அம்மாள் மலைபோல நம்பியிருந்தது அதைத்தான். மெஷினுக்கு ஒரு பெண், இஸ்திரிக்கு ஒரு பெண், மடிப்புக்கு நம்மவர். அதிகாரி, எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல, ‘மூன்று’ என்று எழுதப் பேனாவை வைத்தார். எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு விதி தன் கண்முன்னே மீறப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க நம்மவர் என்ன சாதாரண மனிதரா?

“மேடம், குடும்பத்து ஆளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. நான் இவங்க வீட்டுக்காரர்.”

பேனா நின்றது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில், அங்கே இருந்த விரிப்பெல்லாம் இஸ்திரி இல்லாமலே விறைத்திருக்கும். ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அவர் சொல்றது சரிதான் மேடம். அவரை நிறுத்திடறேன். எதிர்வீட்டுப் பொண்ணு ரொம்ப நாளா வேலை கேட்டுட்டிருக்கா, இன்னிக்கே சேர்த்துக்கறேன்.” கணவரிடம் திரும்பினார். “கையில இருக்கிறதை மட்டும் மடிச்சு வச்சுட்டுப் போங்க.”

எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். அதிகாரி ‘மூன்று’ என்று எழுதினார். இத்தனை வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு நம்மவர் தன் கையால் உருவாக்கிய முதல் வேலைவாய்ப்பு அதுதான்.

இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வாசல்வரை அதிகாரியோடு நடந்துபோய், வேலையிழந்தவர்களுக்கென்று புதிதாக ஏதாவது வருகிறதா என்று ரகசியமாக விசாரித்தாராம். முகம் அவ்வளவு பிரகாசமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், லாண்டரிக்கு மானியம் எத்தனை சதவீதம் என்று நான் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அது உங்களை நடுவில் எங்கேயாவது உறுத்தியதா? கொஞ்சம்? அப்படியானால் இந்த இனத்தைப் பற்றி மேற்கொண்டு என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். என்னைவிட விவரமாகச் சொல்வார்.