போகவும் இலவசம், வரவும் இலவசம்

வியாசர்பாடி,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் பீம்ராவ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் வேலப்பன் எழுதுவது. ஜெய்பீம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கெங்கம்மா என்னிடம் கோபித்துக்கொண்டு எர்ணாவூரில் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். தாள் பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், போன வருஷக் காலண்டரின் பின்பக்கம்.

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டி ரிட்டயரான பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது மச்சான். கையில் இருப்பது கரைந்துவிட்டால் வயதான காலத்தில் யாரிடம் போய் நிற்பது என்ற பயம்தான், வேறு கெட்ட எண்ணம் கிடையாது. செல்போனில் சிக்கனம் சொல்லித் தருகிற வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் அடுக்கி வைத்தால் கேஸ் மிச்சம் என்றார்கள், வைத்தோம், டீத்தண்ணியையும் அதிலேயே ஒரு கிண்ணத்தில் வைக்கச் சொன்னது மட்டும் என் சொந்த யோசனை. அந்த டீயைக் குடித்த பக்கத்து வீட்டு எழில்மொழி அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கரண்டு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறிவிடும் என்று ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைத்தேன். அணைத்தவன் காலையில் போட மறந்துவிட்டேன். உள்ளே இருந்த சங்கரா மீன் நாறி, நாங்கள் குடியிருக்கிற மாடி முழுக்க வாடை. மணலி ஃபாக்டரிப் பக்கம் எவனோ கேஸைத் திறந்துவிட்டான் என்று எல்லாரும் கோபமாகப் பேசினார்கள், நானும் சேர்ந்து பேசினேன். மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்த நேரத்தில் கெங்கம்மா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டாள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள், அதை நான் மறைக்க மாட்டேன்.

பஸ்ஸில்தான் விவகாரம் முற்றியது. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை என்று அரசாங்கமே கொடுக்கும்போது அதை உபயோகப்படுத்தாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது நஷ்டம்தானே. அதனால் மீனுக்குக் காசிமேடு, வெங்காயத்துக்குக் கோயம்பேடு, நைட்டி துணிக்கு எம்.சி. ரோடு, அரிசிக்கு ரெட்ஹில்ஸ் என்று அவளை அனுப்பினேன். கூட நான் போனால் எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும் என்பதால் போகவில்லை. ரெட்ஹில்ஸில் அரிசி மூட்டையோடு ஏறியவளைக் கண்டக்டர், அம்மாவுக்குத்தான் ஃப்ரீ, மூட்டைக்கு இல்லை என்று சொல்லி லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். அதற்கும் வழி இருக்கிறது, சின்னச் சின்னப் பையாகப் பிரித்துத் தினம் ஒரு நடை போய் எடுத்து வா, உனக்குத்தான் போகவும் காசில்லை வரவும் காசில்லையே என்றேன். முட்டி வலிக்கிறது என்றாள். பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துதானே வருகிறாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

போன வாரம் எங்கள் கல்யாண நாள். பீச்சுக்குப் போகலாம், ரெண்டு பேரும் போய் ரொம்ப நாள் ஆயிற்று என்றாள். நியாயமான ஆசைதான். நான் யோசித்துப் பார்த்து, நீ போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று சொல் என்றேன். போனாள் மச்சான். கல்யாண நாளில் தனியாக அவ்வளவு தூரம் போய், கடலைப் பார்த்துவிட்டு, ராத்திரி வந்து படுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மறுநாள் காசிமேட்டுக்கு என்று கூடையை எடுத்துக்கொண்டு போனவள், இறங்காமல் அப்படியே திருவொற்றியூர் போய், பஸ் மாறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போனில் பேசலாமே என்பீர்கள். அவளுக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள் என்று அவள் நம்பருக்கு ரீசார்ஜ் போடவில்லை, பிறகு எனக்குத்தான் யார் பண்ணுகிறார்கள் என்று என் நம்பருக்கும் போடவில்லை. எழில்மொழி போனிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பேசினேன். அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்துவிட்டாள். “நீதானே சொல்லிகினே இருந்த, போவவும் காசில்ல, வரவும் காசில்லன்னு. நான் போவறதுக்கு மட்டும் வச்சிகினேன், வர்றத நீ வச்சிக்கோ” என்று கெங்கம்மா சொன்னது மாடி முழுக்கக் கேட்டது.

வீடு நன்றாக இல்லை மச்சான். குக்கரில் ஒரு ஆளுக்கு அடுக்கினால் பாதி காலியாக நிற்கிறது. கேஸும் கரண்டும் குறைந்திருக்கின்றன, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஆள் இல்லை. இனி சிக்கனம் பேச மாட்டேன். ரெண்டு போனுக்கும் ரீசார்ஜ் போடுகிறேன், ஃப்ரிட்ஜ் ராத்திரி பகல் ஓடும். அவள் வரச் சம்மதித்தால் நானே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து அழைத்துப்போகிறேன், மீட்டருக்கு மேலே கேட்டாலும் பேரம் பேச மாட்டேன். அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் பீச்சுக்குப் போவோம். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை என்பதை நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு, எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
வேலப்பன்

பின்குறிப்பு: கவரில் போட மடிக்கிற நேரத்தில் கெங்கம்மாவே வந்துவிட்டாள். மாற்றுத் துணி எடுக்க வந்தாளாம். திரும்பவும் உங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள், அவளுக்கு பஸ் ஃப்ரீ, எனவே இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், ஸ்டாம்ப்புக் காசு மிச்சம். துணியை எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள், ஆனாலும் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் எழுதி முடிக்கத்தான் காத்திருக்கிறாள் போலிருக்கிறது. யாருக்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்டாள், உன்னைப் பற்றி உன் அண்ணனுக்கு என்றேன். “அத்த என்னாண்ட சொன்னா காசு ஆவுமா?” என்றாள். யோசித்துப் பார்த்தேன், ஆகாதுதான். ஆனால் காலண்டரில் மார்ச், ஏப்ரல் ரெண்டு தாளும் எழுதி முடித்தாகிவிட்டது, வீணாக்க மனசு வரவில்லை.