எறங்கிராதம்மா!

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் பழைய பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன்.
2. பின்சீட்டில் மூன்று சிப்பம் அரிசியைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன்.
3. அரிசி இருந்த இடத்தில் அம்மாவை உட்கார வைத்தேன்.
4. அம்மா இறங்கினார்.

முதல் மூன்றும் சரியாகத்தான் நடந்தன, நான்காவதை நான் செய்யவே இல்லை என்று கொஞ்ச காலம் வாதாடிக்கொண்டிருந்தேன். (மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களிடம் வாதாடுவது கஷ்டம். எங்களுக்குத் தோற்றுப்போனதே தெரியாது.)

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு நாகல் நகரில். கீழே அப்பாவின் அரிசிக் கடை, மேலே நாங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பைக்கில்தான் வேலைக்குப் போய்வருவேன். பைக் இருந்தால் வேலை முடிந்ததும் நான் கிளம்பலாம். மில் பஸ் என்றால், பஸ் கிளம்பும் நேரத்துக்கு என் வேலை முடிய வேண்டும்.

ஒருநாள் அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தார். வீடு வந்ததும் தைலத்தோடு குப்புறப் படுத்தவர், படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். அம்மா பள்ளிக்கூட டீச்சர்.

"இதுலயே தெனம் போனா ஒன் முதுகும் இப்படித்தான் ஆகும். எரியோட்டுல அத்தையோட புது வீட்டை ஃபாதர் மந்திரிக்கிற அன்னிக்கு இந்த வண்டியிலதான் வாரேன். முதுகு வலிச்சுச்சுன்னா, மறுநாளே வித்துரணும். மில் பஸ்ல போ."

புது ஷாக் வாங்க வழியில்லை. பழைய உதிரிபாகக் கடையில் பெரிய பைக் ஒன்றின் ஜோடி கிடைத்தது. ஆயில் கசியவில்லை, ஸ்பிரிங் திடமாக இருந்தது. என்னுடையதைவிட இரண்டு விரல்கடை நீளம், அவ்வளவுதான். நீளம் கூடினால் பள்ளத்தை விழுங்க இடம் கூடும் என்றது என் படிப்பு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் கெட்டியான ஆயில் ஊற்றினேன். மந்திரிப்புக்கு முந்தைய நாள் எல்லாம் தயார்.

எந்த மெஷினையும் முழுப் பளுவோடு சோதிக்க வேண்டும் என்பது மில்லில் கற்றது. ஆனால் அம்மாவின் எடை எங்கள் வீட்டில் ராணுவ ரகசியம். மனக்கணக்குப் போட்டு, அப்பாவிடம் இருபத்தைந்து கிலோ சிப்பம் மூன்று கேட்டேன்.

"யாருக்கு ஆத்தா டெலிவரி?"

"யாருக்கும் இல்லப்பா. அம்மாவுக்குப் பதிலா."

அப்பா மூட்டைகளைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். "மெதுவாச் சொல்லு. கேட்டுச்சுன்னா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது."

கடைப்படியில் நின்று ஏறி, பைபாஸ் வரை போய்வந்தேன். வேகத்தடைகளில் வண்டி மிதந்தது. வளைவில் ஆட்டம் இல்லை. நிறுத்தும் இடங்களில் கால்விரல் தரையைத் தொட்டது. திரும்பி வந்து கடைப்படியிலேயே இறங்கினேன். அரிசி வழியில் எங்கும் இறங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அம்மா பட்டுப்புடவையும் மடியில் பரிசுச் சுவர்க்கடிகாரமுமாகப் பின்னால் உட்கார்ந்தார். எரியோடு நெருங்கும்போது கேட்டார்:

"இப்பத் தாண்டுனது வேகத்தடையா?"

"ஆமாம்மா."

"சரி."

(இதுதான் அம்மா தரும் நூற்றுக்கு நூறு.)

புது வீட்டு வாசலில் கேட்டுக்குப் போகும் சரிவுக்கு அன்று காலையில்தான் சிமென்ட் போட்டிருந்தார்கள். "பாத்து, இன்னும் காயல!" என்று மாமா கத்தினார். நான் பாதுகாப்பாக, அதை ஒட்டி நிறுத்தினேன். அம்மா இறங்கினார்.

அம்மாவின் பாரம் போனதும் ஸ்பிரிங் நிமிர்ந்தது. ஸ்பிரிங்கோடு சீட் எழுந்தது. சீட்டோடு நானும் எழுந்தேன். என் கால்கள் தரையைத் தேடின. தரை அங்கேதான் இருந்தது, எனக்கு எட்டவில்லை. பைக்கில் எல்லாவற்றையும் அளந்த நான் என் காலை அளக்கவில்லை.

"எம்மா, எறங்கிராதம்மா!"

"எறங்கிட்டேனேடி!"

"திரும்ப ஏறு! ஏறு!"

கடிகாரத்தை எங்கே வைப்பது என்று அம்மா சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி மிக நிதானமாக வலப்பக்கம் சாய்ந்தது. என் வலது கை மணிக்கட்டு வரை ஈரச் சிமென்டில் இறங்கியது. பக்கத்திலேயே ஹேண்டில்பாரும்.

அத்தை எட்டிப் பார்த்தார். "இன்ஜினியருக்குப் படிச்ச புள்ள, எங்க வீட்டுல வந்து கைநாட்டு வச்சிருச்சே!"

மந்திரிக்க வந்திருந்த ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்த்தத்தை என்மேலும் வண்டிமேலும் சேர்த்துத் தெளித்தார்.

கை கழுவும் இடத்தில் அம்மா விசாரணையைத் தொடங்கினார்.

"நேத்தே ஓட்டிப் பாத்துட்டேன்னியே. யாரை வச்சு?"

"அரிசி."

"எம்புட்டு?"

"மூணு சிப்பம்."

"மூணா?"

"ரெண்டே முக்கால்."

அதற்குப் பிறகு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. 'ஒரே பெண் ஓட்டிய வண்டி, விற்பனைக்கு' என்று விளம்பரமே மனதில் எழுதிவிட்டேன். கிளம்பும்போது அத்தை, "அண்ணி, இந்த வண்டி வேணாம். கார்ல போயிருங்க" என்றார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகினார். "நான் ஏறலேன்னா இவளுக்குக் காலு எட்டாதாம். எப்படி விட்டுட்டுப் போறது?"

மாமா வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். பின்னால் அம்மா ஏறினார். சீட் தாழ்ந்தது. கால்விரல் தரையைத் தொட்டது. ஊர் தாண்டியதும் அம்மா என் தோளைத் தட்டினார்.

"முதுகு வலிக்கல" என்றார்.

மனதில் எழுதிய விளம்பரத்தைக் கிழித்துப் போட்டேன்.

"அரிசி விஷயத்தை வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம்."

அதற்குள் அத்தை அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார். நாகல் நகரில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே அப்பா கடைப்படியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "எறங்கிராதம்மா!"

அன்றிலிருந்து அம்மா பஸ் சீட்டிலிருந்து எழுந்தாலும், கோயிலில் பூசை முடிந்து பெஞ்சிலிருந்து எழுந்தாலும், குடும்பத்தில் யாராவது ஒருவர் மெதுவாக இதைச் சொல்லிவிடுகிறார்கள். அம்மா முறைக்கிறார். ஆனால் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார்.

பைக்கை விற்கவில்லை. அடுத்த சம்பளத்தில் சரியான நீளத்தில் ஒரு ஜோடி ஷாக் மாட்டினேன். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை நான் தனியாகப் போக ஒரு நிலையிலும், அம்மா வரும்போது இன்னொரு நிலையிலும் வைக்கிறேன். ஃபோர்க் ஆயில் அப்படியே இருக்கிறது. அத்தை வீட்டுச் சரிவில் என் கையின் தடமும் அப்படியே இருக்கிறது. பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை எரியோடு போகிறோம். அம்மா முதலில் இறங்குகிறார். என் இரண்டு கால்களும் தரையில் இருக்கின்றன.